ஆர்ச்சுக்குப் போன செங்கல்

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பேருந்தில் எனக்கு முன் சீட்டில் மாமாவும் மாப்பிள்ளையுமாக இரண்டு பேர். மாமா புதிதாகப் போட்ட நகர் ஒன்றில் வீடு கட்டிக் குடிபோனவர். அதே நகரில் தெருவுக்குக் கரண்ட் கேபிள் பதித்தவன் மாப்பிள்ளை. ஆலப்பாக்கம் வரை மாமா அந்த நகரின் நுழைவு ஆர்ச்சைப் பற்றியே பெருமை பேசிக்கொண்டு வந்தார்.

“அந்த ஆர்ச்சுல இருக்கறது மண்ணுக்குள்ள இருக்கவேண்டிய செங்கல்லு மாமா.”

“என்னா மாப்ள சொல்ற?”

“கேபிள் மேல மணலு போட்டு, அதுக்கு மேல வரிசையா செங்கல் அடுக்கணும். எவனாவது தோண்டுனா மொதல்ல கல்லுதான் தட்டும், கைய நிறுத்திடுவான். அந்தக் கல்ல எடுத்துத்தான் ஆர்ச் கட்டுனாங்க. ஆழமும் மூணு அடி இல்ல, ஒரு அடிதான். நகர் போட்டவங்க வாயத் தொறக்காதன்னாங்க, நானும் மூடிக்கிட்டேன்.”

“கேபிள் எந்தப் பக்கமா போவுது?”

“ஒங்க காம்பவுண்டு ஓரமாத்தான்.”



“இன்னிக்கி காம்பவுண்டுக்கு இரும்பு கேட்டு போட குழி வெட்றாங்கடா. ஆளு கடப்பாரையோட வந்திருக்காரு.”

“அத்தைக்கு போன போடுங்க மாமா, மொதல்ல!”

மூன்றாவது முறைதான் எடுத்தார்கள்.

“குழி வெட்டறத நிறுத்தச் சொல்லு... என்னது, கரண்ட் போயிடுச்சா? எப்ப? இப்பவா? ஃபேன விடு. வாசலுக்குப் போயி அந்த ஆளு நிக்கறாரான்னு பாரு... கிட்ட போவாத. தொடாத.”