மூக்குத்தண்டுக்கு ஒரு ஊசி

வாயத் தொறக்காதே வாசனா, மரத்துப்போறதுக்குப் பூசின கிரீம் உள்ள போயிடும். தலைய ஆட்டு, போதும். கிளினிக்குக்கா? தாராளமாப் போயேன். அங்க கேக்குற காசுக்கு உன் மூக்கையே வித்தாலும் பத்தாது. நான் இந்தப் பையத் தூக்கிக்கிட்டு பேங்காக்ல வீடு வீடா ஒன்பது வருஷமா அலையுறேன்.

மூஞ்சியப் பாத்து ராசி சொல்றவர் உங்கிட்ட சொன்னது சரிதான். இந்த மூக்க வெச்சுக்கிட்டு உனக்கு எப்படிம்மா பதவி ஒசரும்? தண்டுன்னு ஒண்ணு இருந்தாத்தானே. நெத்தி நேரா ஒதட்டுல எறங்கிடுச்சு. கோவிச்சுக்காதே, உள்ளதத்தான் சொல்றேன். தண்டத் தூக்கிவிடுற ஜெல்லு, இந்த ஃபில்லர், உள்ள ஏறட்டும், அடுத்த மாசமே நீ சூப்பர்வைசர்.

என்ன, கண்ணக் காட்டுறே? டிவியில சொன்னானா, கண்ணு போயிடும்னு? எங்கிட்ட போனது ஒண்ணே ஒண்ணு. இத்தன வருஷத்துல ஒரே ஒரு கண்ணு. அதுவும் ஆரம்பத்துல.

மூணு நாள் வகுப்புல கத்துக்கிட்டு வந்தேன், ஒருத்தியும் மூஞ்சியக் குடுக்கல. சந்தையில தூரியான் பழம் விக்கிற ஒரு பொம்பள, அம்பத்திரெண்டு வயசு, அவதான் தானா வந்து படுத்தா. இதே எடம், மூக்குத்தண்டு. ஊசிய இன்னும் வெளிய எடுக்கல, இடது கண்ணு இருட்டுதுன்னா. நடிக்காதேன்னு அதட்டினேன். ஏத்தினதக் கரைக்கிற மருந்து இருக்கு, ஆனா அப்பவே ஆஸ்பத்திரிக்கு ஓடணும். நான் எங்க ஓடுறது? ஊசி போட்டது யாருன்னு கேப்பான்ல. வெந்நீர் ஒத்தடம் குடுத்து, தூங்கி எந்திரி சரியாயிடும்னேன். ஆகல.

படு, படு. எந்திரிக்காதே. போலீசா? அதெல்லாம் யாரும் வரல. மாடிப்படியில விழுந்துட்டேன்னு ஊரு பூரா அவளே சொல்லிக்கிட்டா. கண்ணுல கட்டோட சந்தைக்குப் போய், பக்கத்துக் கடைக்காரி ரெண்டு பேர எங்கிட்ட கூட்டிட்டு வேற வந்தா, என் மக கை பூ மாதிரி, வலியே தெரியாதுன்னு சொல்லி.

ஆமா, எங்கம்மாதான்.

அதுக்கு நீ ஏன் நடுங்குறே? என் கையப் பாரு, கொஞ்சமாச்சும் நடுங்குதா? அசையாமப் படு.