இடக்கை வில்

சிங்கப்பூரில் ஈசூன் போகும் ரயிலில், மகள் இடக்கையில் பிடித்திருந்த பிஸ்கட்டை அவள் வலக்கைக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். எதிரே ஒருவர், இறந்துபோன தந்தையின் வில்லை மடியில் வைத்தபடி தங்கையிடம் சொன்னார்:

“அப்பா சேர்த்த பழைய வில்லு எதுலயும் பேர் இல்ல. ஆனா இது அவரே பழகுன வில்லுதான்லா. பிடியில அவரோட சட்டைத் துணி சுத்தியிருக்கு.”

“அண்ணே, அம்பு வைக்கிற வெட்டு வலது பக்கம் இருக்கு. இது இடது கையால நாண் இழுக்கிறவங்களோட வில்லு.”

“அப்பா வலது கைதானே?”

“நம்ம முன்னாடி மட்டும்.”

அவர் தன் இடது கையை விரித்துப் பார்த்தார்.

“இந்தக் கையால சோறு எடுத்ததுக்குத்தானே எனக்குச் சூடு வச்சாரு.”

பிறகு வில்லைத் துணியில் சுற்றினார்.

“வித்துடுவோம்மா. வாங்குறவங்க யாரோடதுன்னு கேட்டா, தெரியாதுன்னு சொல்லிடு.”