கூரியர் வண்டியில் பேசிய குரல் தொடர்பாக

நான் மேற்கண்ட முகவரியில் இரண்டாவது மாடியில் என் கணவருடன் குடியிருந்து வருகிறேன். எனக்கு வயது நாற்பத்தொன்று. கடைவீதியில் உள்ள மூக்குக்கண்ணாடிக் கடையில், ஃபிரேமில் கண்ணாடி பொருத்தும் வேலை பார்த்து வருகிறேன். என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். அவருக்கு நான் இரண்டாம் தாரம். மூத்தவள் ஓர் அறுவை சிகிச்சையின்போது இறந்துபோனாள். எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. இதற்கு முன் என் மீது எந்தப் புகாரும் கிடையாது. இன்று கூரியர் வண்டி ஓட்டுநர் கொடுத்த புகாரை எனக்குப் படித்துக் காட்டினார்கள். அதில் சொல்லியிருப்பதுபோல அவருடைய வண்டியிலிருந்து ஜிபிஎஸ் கருவியை எடுத்தது நான்தான். ஆனால் விற்பதற்காக எடுத்தேன் என்று அதில் எழுதியிருப்பது தவறு. அதை முதலில் விற்றவளே நான்தான். அதனால் நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன்.

என் கணவர் வேலை நிமித்தமாகக் கட்டடம் கட்டடமாகக் காரில் போய்வருபவர். அவருடைய காரின் முன்கண்ணாடியில் மேற்படி கருவி ஒட்டப்பட்டிருந்தது. அது வழி சொல்லும் குரலை நாமே பதிந்துகொள்ளக் கூடிய வகையைச் சேர்ந்தது. மூத்தவள் அதில் தன் குரலைப் பதிந்து வைத்திருந்தாள். எங்கள் கல்யாணம் முடிந்து நான் முதன்முறை காரில் ஏறியபோது ஒரு பெண் குரல் கேட்டு, பின்சீட்டில் யார் என்று திரும்பிப் பார்த்தேன். என் கணவர், "அது அவதான். மெஷின்ல பேசி வச்சிருக்கா. மாத்திடட்டுமா?" என்று கேட்டார். நான் பெரிய மனுஷி மாதிரி, "இருக்கட்டுங்க, அதனால என்ன" என்று சொல்லிவிட்டேன். அதன் பிறகு அந்த வார்த்தையை நினைத்து எத்தனையோ தடவை என் வாயிலேயே அடித்துக்கொண்டிருக்கிறேன்.

அதன் பிறகு நாங்கள் எங்கே போனாலும் மூன்று பேராகத்தான் போனோம். அவள் குரல் சன்னமானது. "இன்னும் கொஞ்சம் போனா இடது பக்கம்" என்பாள். "இப்ப திரும்புங்க" என்பாள். அப்படி அவள் சொல்லி முடித்தவுடன் ஓர் ஆண் சிரிக்கிற சத்தம் தொடங்கி, பாதியில் அறுந்துவிடும். பதியும்போது பக்கத்தில் என் கணவர் இருந்திருக்கிறார். என்னத்துக்குச் சிரித்தார் என்று ஒருநாள் கேட்டேன். ஞாபகமில்லை என்றார். அந்த மாதிரி ஒரு சிரிப்பை நான் இந்த வீட்டில் காலெடுத்து வைத்த நாளிலிருந்து கேட்டதில்லை. வழி தவறிப் போனால், "பரவால்ல, அடுத்ததுல திரும்பிக்கலாம்" என்று அவள் சொல்வாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் என் நாத்தனார் வீட்டுக்குப் போவது வழக்கம். போகும்போதெல்லாம் என் கணவர் பெயின்ட் கடை இருக்கிற திருப்பத்தைத் தவற விடுவார். கவனக்குறைவு என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அந்தப் பெயின்ட் கடை இருக்கிற கட்டடத்தின் லிஃப்டை மாதம் தவறாமல் பார்ப்பவர் அவர்தான், தூங்கிக்கொண்டே ஓட்டினாலும் அந்தத் திருப்பம் அவருக்குத் தவறாது. அதன் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாலையைப் பார்க்காமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். திருப்பத்தில் வண்டி நேரே போனது, அவள் "பரவால்ல" என்றாள், அவருடைய வாயோரம் லேசாக இளகியது. அந்த ஒரு வார்த்தையைக் கேட்பதற்காக மனுஷர் வேண்டுமென்றே வழி தவறுகிறார் என்பது எனக்குப் புரிந்தது. கண்ணாடி போட்டுப் பார்க்க வருகிறவர்களின் முகத்தை எதிரிலிருந்து பார்ப்பதுதான் என் வேலை. முக விஷயத்தில் நான் ஏமாறுவதில்லை.

உயிரோடு ஒருத்தி இருந்தால் தெருவில் நிறுத்தி நாலு கேள்வி கேட்கலாம். செத்துப்போன சக்களத்தியை என்ன செய்வது? அவள் தங்கமானவள் என்று நாத்தனார் முதல் பக்கத்து வீட்டுக்காரர் வரை எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு வயிறு எரிந்தது என்பதை மறைக்காமல் சொல்கிறேன். அந்தக் காரில் எனக்கென்று ஒரு இடம் உண்டா இல்லையா என்பது எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது.

அதன் பிறகு ஊரில் ஒரு புது மேம்பாலம் திறந்தார்கள். பழைய கருவிக்கு அந்தப் பாலம் தெரியவில்லை. பாலத்தின் மேல் போகும்போது கார் வெறும் வெளியில் மிதப்பதாகக் காட்டியது. இதுதான் சமயம் என்று, புதிதாக ஒன்று வாங்கியே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். இரண்டு பேரும் கார் உதிரிப்பொருள் கடைக்குப் போனோம். அளவு பொருந்துகிறதா பார்க்க வேண்டும் என்று சொல்லிப் பழையதையும் கழற்றி என் கைப்பையில் வைத்துக்கொண்டேன். கடைக்காரர் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து வைத்தார். ஒன்றில் திரை அகலம், ஒன்றில் முன்னால் இருக்கிற நெரிசலை முன்கூட்டியே சொல்லும், ஒன்றில் பின்னால் வண்டி எடுக்கும்போது பார்க்கக் கேமரா உண்டு. என் கணவர் எதைக் காட்டினாலும் "நல்லாதான் இருக்கு" என்றார். நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "இதுல நாம பேசிப் பதிய முடியுமா?" என்றேன். கடைக்காரர், "இப்ப அதெல்லாம் யாரும் கேக்கறதில்லீங்க" என்று சொல்லி, உள்ளே போய்த் தூசி தட்டி ஒரு பெட்டியைக் கொண்டுவந்தார். திரை சின்னது. கேமரா கிடையாது. அதையே தேர்ந்தெடுத்தேன்.

அந்த நேரத்தில் வாசலில் யாரோ ஹாரன் அடித்ததால், காரைத் தள்ளி நிறுத்த என் கணவர் வெளியே போனார். நான் பழையதை எடுத்துக் கடைக்காரரிடம் கொடுத்து, "இத எடுத்துக்கிட்டு விலையில கழிச்சுக்குங்க" என்றேன். என் கணவர் திரும்பி வரும்போது கடைக்காரர் அதை மேசை இழுப்பறைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். என் கணவர் அதைப் பார்த்தார். அவர் கேட்டிருந்தால் திருப்பி வாங்கியிருப்பேனா என்றால், மாட்டேன்.

அதன் பிறகு அன்று மாலையே எங்கள் குடியிருப்பின் கீழே காரை நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, என் குரலைப் பதிந்தேன். என் கணவரையும் பக்கத்தில் உட்காரச் சொன்னேன். பல் பிடுங்க வந்தவர் மாதிரி முழங்காலில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் சிரிப்பார் என்று, ஒரு இடத்தில் வேண்டுமென்றே "இப்ப பறந்துடுங்க" என்று சொன்னேன். "தப்பா சொல்லிட்ட. இன்னொரு தடவ சொல்லு, சரியா வந்துடும்" என்றார். சரியாகச் சொன்னேன். வழி தவறினால் சொல்ல வேண்டியதற்கு, வாயில் வந்தபடி, "எங்க பாத்துக்கிட்டு போறீங்க? திரும்புங்க" என்று பதிந்தேன். வீட்டில் பேசுகிற மாதிரிதானே பேச முடியும்.

என் குரல் வந்த நாளிலிருந்து என் கணவர் ஒரு தடவைகூட வழி தவறவில்லை. பெயின்ட் கடைத் திருப்பம் வருவதற்கு எவ்வளவோ முன்பே விளக்கைப் போட்டுவிட்டுத் திரும்பினார். என் நாத்தனார்கூட, "பரவாயில்லையே, இப்பல்லாம் நேரத்துக்கு வந்துடறீங்களே" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அவர் தவற வேண்டும், நான் திட்ட வேண்டும், அவர் வாயோரம் கொஞ்சம் இளக வேண்டும் என்று ஒவ்வொரு ஞாயிறும் காத்திருந்தேன். அவரோ லைசென்ஸ் வாங்க ஓட்டிக் காட்டுகிறவர் மாதிரி ஓட்டினார்.

அதன் பிறகு கடந்த வாரம் நான் கடையில் வேலையாக இருந்தபோது, எதிரில் ஒரு கூரியர் வண்டி போவதைப் பார்த்தேன். முன்சீட்டில் என் கணவர் உட்கார்ந்திருந்தார். அந்த நேரத்துக்கு அவர் ஆஸ்பத்திரி லிஃப்டில் இருக்க வேண்டியவர். சற்று நேரத்தில் அதே வண்டி அதே பக்கத்திலிருந்து மறுபடியும் வந்தது. மறுபடியும் அவர் இருந்தார். அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். மறுநாளும் இதேபோல் நடந்தது.

இன்று பகலில் மேற்படி வண்டி எங்கள் கடைக்குப் பார்சல் கொண்டுவந்தது. நான் ஓட்டுநரை ஓரமாகக் கூப்பிட்டு, "உங்க வண்டியில ஒருத்தர் வர்றாரே, யாரப் பாக்க வர்றாரு? உண்மையச் சொல்லுங்க" என்று கேட்டேன். அவர், "அந்த லிஃப்ட் சாரா? பாவங்க. இந்த ஜிபிஎஸ்ஸ நான் செகண்ட் ஹேண்டுல எடுத்தேன். எங்கிட்ட இருக்குன்னு கடையில விசாரிச்சுத் தேடி வந்தாரு. திருப்பிக் குடுங்கன்னு கேட்டாரு, நான் தரல. அப்படின்னா கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போறேன்னாரு. சார் ஏறுனா மட்டும் ஒரு இடத்துல வேணும்னே தப்பா ஓட்டணும். டீ வாங்கிக் குடுப்பாரு" என்றார். ஏன் திருப்பித் தரவில்லை என்று கேட்டேன். "எனக்கே பழகிடுச்சுங்க. நாள் பூரா எல்லாரும் என்னைத் திட்டறாங்க, அந்தம்மா மட்டும்தான் திட்டாது" என்றார்.

முன்பின் தெரியாத வண்டிக்காரருக்குக்கூட அவள் குரல் ஒத்தடமாக இருக்கிறது என்று கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் மாடியில் கொடுக்க வேண்டிய இன்னொரு பார்சலோடு மேலே போனார். வண்டிக் கதவு திறந்துதான் இருந்தது. நான் ஏறி, மேற்படி கருவியைப் பிடித்து இழுத்தேன். அது வரும்போது பின்னால் பார்க்கிற கண்ணாடியும் கூடவே பெயர்ந்து வந்துவிட்டது. அதை நான் எடுத்துப் போகவில்லை. சீட்டின் மேல் வைத்துவிட்டேன்.

உடைப்பதற்காகத்தான் எடுத்தேன். எங்கள் கடையின் பின்னறையில் சின்னச் சுத்தியல் உண்டு. பின்னறைக்குப் போய் மேசை மேல் வைத்தேன். உடைப்பதற்கு முன்னால், அவளும் நானும் மட்டும் தனியாக ஒரு தடவை பேசித் தீர்த்துக்கொண்டால் என்ன என்று தோன்றியது. கருவியை முடுக்கினேன். அதில் வீடு என்று எங்கள் வீடுதான் இன்னும் இருந்தது. அதைத் தொட்டுவிட்டு, கையில் பிடித்தபடி பின்வாசல் வழியாகத் தெருவில் இறங்கி நடந்தேன். "இன்னும் கொஞ்சம் போனா இடது பக்கம்" என்றாள். நான் வலது பக்கம் போனேன். "பரவால்ல, அடுத்ததுல திரும்பிக்கலாம்" என்றாள். அடுத்ததிலும் நான் திரும்பவில்லை. மறுபடியும் "பரவால்ல" என்றாள். எத்தனை தடவை சொல்வாள், எப்போது அவளுக்குக் கோபம் வரும் என்று பார்த்துவிடுவது என்று, வங்கிக் கட்டடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன். பதிந்து வைத்த குரல், அதற்குக் கோபம் வராது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் நடந்தேன். செருப்பு கடித்தது. ஒவ்வொரு முறையும் எனக்குத்தான் எரிச்சல் வந்தது, அவளுக்கு வரவில்லை. ஒரு கட்டத்தில், அவள் சொல்லும்போது என் முகமும் இளகுகிறதோ என்று பயந்து, ஒரு கடையின் கண்ணாடியில் பார்த்துக்கொண்டேன். அப்போதுதான் கூரியர் ஓட்டுநரும் இந்நிலையத்தின் காவலர் ஒருவரும் எதிரில் வந்து என்னைக் கையும் களவுமாகப் பிடித்தார்கள். நான் ஓடவில்லை. கருவியைக் காவலரிடம் கொடுத்துவிட்டேன். அதற்குச் சேதம் எதுவும் இல்லை.

அதன் பிறகு என்னை இங்கே அழைத்து வந்து உட்கார வைத்தார்கள். கருவியை இந்த மேசை மேல் வைத்து, வேலை செய்கிறதா என்று ஒரு தடவை போட்டுப் பார்த்து, அணைத்தார்கள். என் கணவருக்குத் தகவல் சொல்லப்பட்டு, அவர் கையில் கிரீஸோடு அப்படியே வந்தார். பெயர்ந்த கண்ணாடியை மாற்றிக் கொடுத்தால் புகாரைத் திரும்பப் பெறுவதாக ஓட்டுநர் சொன்னார். கருவியை அவரிடமே கொடுத்துவிட எனக்கு ஆட்சேபணை இல்லை என்று நான் சொன்னேன். என் கணவர் ஆட்சேபணை உண்டென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. "செருப்பு கடிச்சிருக்கே" என்று மட்டும் என்னிடம் சொன்னார்.

அவர் உள்ளே நுழைந்தவுடன் முதலில் என்னைத்தான் பார்த்தார், அதன் பிறகுதான் மேசையைப் பார்த்தார் என்று, இதை எழுதிக்கொண்டிருக்கும் எழுத்தர் சொல்கிறார். வாசலில் நின்ற காவலரும் அப்படித்தான் சொல்கிறார். நான் பார்த்தவரை, என் கணவர் முதலில் மேசையைத்தான் பார்த்தார். நான் சொன்னபடியே எழுதச் சொன்னேன்.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே உள்ளது. எல்லாம் உண்மை.

(கையொப்பம்)