கானவிளக்கு வாசகிகளுக்காக

இல்லை சார், சத்தம் ஒரு தொல்லையே இல்லை. குமணன்சாவடியில் எங்கள் அச்சகமும் பெங்களூர் ரோட்டின் மேல்தான் இருக்கிறது. லாரி போகாவிட்டால்தான் எனக்கு எழுத்து ஓடாது. பெயர் பாஸ்கல் என்று எழுதிக்கொண்டீர்கள் அல்லவா? 'கானவிளக்கு' மாத இதழின் துணை ஆசிரியர் என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பாடகி ராணியைப் பற்றிக் கேட்டீர்கள். அதற்கு முன் எங்கள் வாசகிகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

சினிமாப் பாட்டு வரிகளை அச்சடித்து விற்றுவந்தோம். எல்லோரும் அதையேதான் விற்றார்கள். முதலாளி உலகநாதன் ஒருநாள், விற்காமல் திரும்பிவந்த கட்டுகளைக் காலால் தள்ளிவிட்டு, "பாட்டு எல்லா பொஸ்தகத்துலயுந்தான் கீது. நம்ம பொஸ்தகத்துல இன்னா கீது, நைனா?" என்றார்.

நான் அம்பத்தூர் எஸ்டேட் பஸ் நிறுத்தத்தில் போய் நின்று பார்த்தேன். ஷிப்ட் முடிந்து வரும் பெண்கள்தான் வாங்கினார்கள். பாட்டை அவர்கள் படிக்கவில்லை; ரேடியோ கேட்டே மனப்பாடம். பாடியவள் யார், கல்யாணம் ஆயிற்றா, படத்தில் ஏன் முகம் வாடியிருக்கிறது என்றுதான் பேசிக்கொண்டார்கள். நான் மொழிபெயர்ப்பு நாவல்கள் நிறையப் படிப்பவன். அவற்றில் பனி பெய்யும் ஊர் ஒன்றில் ஒரு பெண் இருமிக்கொண்டே மெல்ல மெல்லச் சாவாள். புத்தகத்தைக் கீழே வைக்க முடியாது. நமக்குப் பனி இல்லை. ராணி இருந்தாள்.

அவளும் எஸ்டேட்டில் மோட்டாருக்குக் கம்பிக் காயில் சுற்றுகிறவள். மாலையில் எங்கள் அச்சகத்தின் பின்னறையில் மெல்லிசைக் குழுவோடு ஒத்திகை பார்ப்பாள். அப்போது அவளுக்குத் தொண்டைக்கட்டு. சாதாரணச் சளி. அவள் குரல் சீக்கிரம் போய்விடும் என்று டாக்டர்கள் சொல்வதாக எழுதினேன். கழுத்தில் சால்வை சுற்றி அட்டைப்படம் போட்டோம். அந்த இதழை மறுபடியும் அச்சடிக்க வேண்டியிருந்தது. பெண்கள் அவளுக்காக மாங்காடு அம்மனிடம் வேண்டிக்கொண்டார்கள்.

ராணிக்குச் சளி குணமாகிவிட்டது.

"இன்னா அண்ணாத்தே, கம்பெனில எல்லாப் பொண்ணும் என்னப் பாத்து அழுவுது. சோத்துல பாதிய எனக்கே குட்த்துடுதுங்க, நான் குண்டாயிட்டேன். நல்லாயிட்டான்னு போட்ரு அண்ணாத்தே. ஸ்டூடியோல கோரஸ் பாடக் கூப்ட்டுகிறாங்க. தொண்ட போனவள எவன் சேப்பான்?" என்று சிரித்தாள்.

முதலாளியிடம் கேட்டேன். "போடேன். அப்பால நம்ம பொஸ்தகத்த வட மடிக்கத்தான் வாங்குவானுங்க" என்றார். அவர் மேல் குற்றமில்லை. மற்றது எதுவும் அவருக்குத் தெரியாது.

எங்கள் அச்சுக்கோப்பவர் வீராசாமி முன்பு நாடகக் கம்பெனியில் இருந்தவர். நன்றாகப் பாடுகிறவனின் குரலை ஒழிக்க அங்கே வெற்றிலையில் செந்தூரம் வைத்துக் கொடுப்பார்களாம். வேடிக்கையாகச் சொல்வார். ராணிக்கு வெற்றிலைப் பழக்கம் இல்லை. ஒத்திகைக்கு முன் மஞ்சள் போட்ட பால் குடிப்பாள். மஞ்சளில் அந்த நிறம் தெரியாது. தினமும் நானே காய்ச்சிக் கொடுத்தேன். சூடு அதிகமாக இருந்தால் ஆற்றியும் கொடுத்தேன்.

"நீ குட்க்கற பாலுதான் தொண்டைக்கு எதமா கீது அண்ணாத்தே" என்பாள்.

மாங்காட்டுத் திருவிழாக் கச்சேரியில் பாட்டின் முதல் அடி வந்தது. இரண்டாவது அடியில் காற்று மட்டும் வந்தது. மைக் கெட்டுவிட்டது என்று நினைத்து அவள் அதைத் தட்டிப் பார்த்தாள். ஆண்கள் விசில் அடித்தார்கள். எங்கள் வாசகிகள் மட்டும் அழுதார்கள். நடப்பது என்னவென்று அவர்களுக்குத்தான் தெரிந்திருந்தது. மறுநாள் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அங்கேதான் உடம்பில் விஷம் ஏறியிருப்பதைக் கண்டுபிடித்தார்கள்.

விஷம் வைத்தவன் என்று வாக்குமூலத்தில் எழுதுகிறீர்கள். எழுதுங்கள், அது நான்தான். ஆனால் எங்கள் இதழில் பொய் வந்தது என்று மட்டும் எழுத வேண்டாம். இன்று எடுத்துப் பார்த்தால் ஒரு வரிகூடப் பொய்யில்லை.

ராணி இனிப் பேச மாட்டாள் என்கிறார்கள். கை நன்றாகத்தானே இருக்கிறது? நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது ஒரு தாள் கொண்டுபோய், வாசகிகளுக்கு நான்கு வரி எழுதித் தரச் சொல்லுங்களேன். இந்த வாரத்துக்குள் கிடைத்தால் அட்டையிலேயே போட்டுவிடலாம்.