ஒண்ணும் செய்யாத டையோடு

தோழர்களே, கோபப்படுறதுக்கு முன்னாடி ஒரு குட்டிக் கதையக் கேளுங்க. கதைன்னு சொல்றேன்... நடந்ததுதான். நான் முன்ன வேலை பார்த்த கம்பெனி. தகடு அடிக்கிற பிரஸ்ல மங்கையர்க்கரசின்னு ஒரு பொண்ணு. ப்ளஸ் டூ முடிச்ச பொண்ணு, கையெழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்கும்.

அந்த பிரஸ் முன்னாடி ஒரு ஒளிக்கதிர் ஓடும். இந்தப் பக்கம் லைட்டு, அந்தப் பக்கம் சென்சார். கை குறுக்க போனா வெளிச்சம் மறையும், மெஷின் நின்னுடும். வெளிச்சம் பட்டா சென்சார்ல துளியூண்டு கரண்ட் வரும். அதப் பெருசாக்கிக் காட்ட ஒரு ஆம்ப்ளிஃபயர். பக்கத்துல எவனாவது வெல்டிங் வச்சா? அந்தப் பளீர் வெளிச்சத்துல கரண்ட் வெள்ளமா பாயும். அத உள்ள விடாம ஒதுக்கி அனுப்ப, ஆம்ப்ளிஃபயர் வாசல்லயே ஒரு டையோடு.

எண்ணெய்ப் புகையில சென்சார் கண்ணாடி மங்கிடுச்சு. வெளிச்சம் குறைஞ்சா மெஷின் சும்மா சும்மா நிக்கும். என்ன செய்யணும்? கண்ணாடியத் துடைக்கணும். துடைக்கப் பத்து நிமிஷம் மெஷின நிறுத்தணும். விடுவாங்களா?

மேனேஜர் வந்து எலக்ட்ரீஷியனக் கூப்பிட்டார். "ஏன்யா செபஸ்தியான், நடுவுல அது என்ன டையோடு?"

"வர்ற துளிக் கரண்ட்லயும் அது கொஞ்சம் கசியவிடும் சார். ஆனா அடி வர்ற அன்னைக்குக் காப்பாத்தும்."

"மத்த நாள் என்ன செய்யும்?"

"ஒண்ணும் செய்யாது சார்."

"ஒண்ணும் செய்யாததுக்கு எதுக்குய்யா இடம்? புடுங்கு!"

புடுங்கினாங்க. மெஷின் நிக்காம ஓடுச்சு. நாங்க என்ன பண்ணோம்? கை தட்டினோம் தோழர்களே... நானும்தான் தட்டினேன். வெக்கமா இருக்கு.

பதினோராம் நாள், பக்கத்துல தூணுக்கு வெல்டிங் வச்சாங்க. பளீர்! ஆம்ப்ளிஃபயர் செத்துச்சு. செத்தது, நான் செத்துட்டேன்னு சொல்லுமா? வெளிச்சம் இருக்கு, வெளிச்சம் இருக்குன்னே காட்டிக்கிட்டு இருந்துச்சு. மங்கையர்க்கரசி, சிக்கின தகட்ட எடுக்க உள்ள கைய விட்டா...

வலது கையில நாலு விரல் போச்சு.

விசாரணை அறிக்கையில என்ன எழுதினாங்க தெரியுமா? "தொழிலாளியின் கவனக்குறைவு"!

இப்ப எதுக்கு இதச் சொல்றேன்? இங்க நோட்டீஸ் ஒட்டியிருக்காங்கல்ல... பாதுகாப்புக் குழு மூணு வருஷமா ஒண்ணும் செய்யலையாம், கலைக்கணுமாம். ஏன் செய்யல? அடி வரல, அதனால செய்யல! அடி வர்ற அன்னைக்கு நடுவுல நிக்கத்தானய்யா அந்தக் குழு! அத எடுத்துட்டா அந்த அடி யார் மேல விழும்? மேனேஜர் மேலயா?

கலைக்கச் சம்மதம்னு நம்மளயே கையெழுத்துப் போடச் சொல்றாங்க. மங்கையர்க்கரசி நஷ்டஈட்டு பாரத்துல இடது கைப் பெருவிரல் ரேகை வச்சா, தோழர்களே. படிச்ச பொண்ணு... ரேகை வச்சா. நான் பக்கத்துல நின்னு பார்த்தேன்.

போடுறவங்க போடுங்க. நல்லா வலது கையாலயே போடுங்க.