ரஹ்மத் பீவியின் கரண்ட் அடுப்பு

மார்கழி மாதம். பொழுது சாய்ந்து, மஃரிப் பாங்கும் ஓய்ந்துவிட்ட நேரம். திருவாரூரிலிருந்து கூத்தாநல்லூருக்குப் போகிற சாலை... இரண்டு பக்கமும் கதிர் பிடித்த சம்பா வயல், அதன்மேல் பனி. ஒரே ஒரு ஸ்கூட்டி. ஓட்டுகிறவள் சுடர்விழி, நம் வானதியின் சித்தி மகள். இட்டுக்கட்டிச் சொல்கிறேன் என்று யாராவது நினைத்தால் வானதியையே கேளுங்கள். அதோ, போர்வைக்குள் ஒளிந்துகொண்டிருக்கிறாள்.

சுடர்விழிக்குக் கரண்ட் அடுப்பு, ஓவன் ரிப்பேர்தான் தொழில். ஆண்கள் வெளிநாட்டில் இருக்கிற வீடுகளில் அவளைத்தான் கூப்பிடுவார்கள். வாய் கொஞ்சம் நீளம். பயம் வந்தால்கூட அவளுக்கு அது கோபமாகத்தான் வெளியே வரும்.

அன்றைக்குக் கூப்பிட்டவள் அனீஸா. புருஷன் ஆஸிம் மலேசியாவிலிருந்து அனுப்பிய பெரிய அடுப்பு அது. மேலே கண்ணாடித் தட்டு, கீழே ஓவன், எல்லாம் விரலால் தொட்டாலே வேலை செய்யும். மாமியார் ரஹ்மத் பீவி இருந்தவரை அதை வேறு யாரும் நெருங்க முடியாது. அவர் அந்த அடுப்படியிலேயே உயிர் போய் மவுத்தாகிவிட்டார். அப்புறம்தான் அனீஸா அந்த ஓவனில் தம்ரூட், அதுதான் அந்த ரவை இனிப்பு, செய்து விற்க ஆரம்பித்தாள். வந்தது வினை. விளக்கு வைக்கிற நேரமானால் அடுப்பு கத்தும்... பீப்... பீப்... தட்டு தானாகச் சிவக்கும். ஓவன் பூட்டிக்கொள்ளும். முன்னால் வந்த மெக்கானிக் தன் பெட்டியைக்கூட விட்டுவிட்டு ஓடினான்.

"காலையில ஆஸிமோட அண்ணன் மீரா உசேன் மச்சான் வந்து அடுப்படியைப் பூட்டிடுவாருக்கா. பேய் இருக்கிற எடத்துல பொம்பளைக்கு என்ன யாவாரம்ங்கிறாரு. எனக்குன்னு இருக்கிறது இது ஒண்ணுதான்."

"பூட்டிடுவாரா? பாத்துடுவோம்!" என்று துப்பட்டாவை இறுக்கிக் கட்டினாள் சுடர்விழி.

திரையில் ஒரு பிழைக் குறி. ஏதோ ஒரு பட்டன் அழுந்தியபடியே இருக்கிறது என்று அர்த்தம். சமையல் ஆவி இறங்கியிருக்கும் என்று துடைத்துக் காய வைத்தாள். பீப்... கண்ட்ரோல் போர்டையே கழற்றிப் புதிதை மாட்டினாள். பீப்... கடைசியில் மெயினை அணைத்துவிட்டு, பட்டன் பலகையிலிருந்து போர்டுக்குப் போகிற பட்டை ஒயரை உருவிக் கையில் எடுத்துக்கொண்டாள். இனி எவர் அழுத்தினாலும் போர்டுக்குத் தெரிய வழியே இல்லை. மறுபடி மெயினைப் போட்டாள்.

ஒரு சத்தமும் இல்லை...

டக். உள்ளே தட்டுக்குக் கரண்டை விடுகிற ரிலே விழுந்தது. தட்டு சிவந்தது.

பாத்திரம் ஏதும் இல்லாத அடுப்பில் நெய் காய்கிற வாசனை. அதில், நெய்ச்சோற்றுக்குப் போடுகிற ரம்பை இலை பொரிகிற வாசனை... பட்டன்களின் மேல் பனி படிந்தது போல ஈரம். அந்த ஈரத்தில், மெதுவாக... ஒரு விரல் பதிந்தது. பீப்... பீப்...

அனீஸா சுவரோடு ஒட்டிக்கொண்டாள். சுடர்விழிக்கும் பயம்தான். ஆனாலும் வாய் நிற்குமா?

"இங்க பாருங்கம்மா! நீங்க இருந்தவரைக்கும் இந்தப் பொண்ணைத் தொட விட்டீங்களா? இப்ப இது அவ அடுப்பு. அவ பொழப்பு. கையை எடுங்க!"

பீப் நின்றது. விரல் பதிந்த இடத்தை ஈரம் மூடிக்கொண்டது. தட்டு கறுத்தது. யாரோ எழுந்து நடப்பது போல அந்த வாசனை வாசல் பக்கம் நகர்ந்தது. சுடர்விழிக்கு மனசு இளகிவிட்டது. பெரியவர்களை வெறுமனே 'போங்க' என்று சொல்ல நமக்கு வாய் வருமா?

"சரிங்கம்மா... போயிட்டு வாங்க."

"அக்கா! என்னக்கா சொன்னீங்க?" அனீஸா வாயைப் பொத்திக்கொண்டாள்.

சுடர்விழி நாக்கைக் கடித்துக்கொண்டாள். வாசனை வாசலில் கொஞ்சம் தயங்கியது. அப்புறம் போய்விட்டது.

அன்றோடு சரி, அந்த அடுப்பு மக்கர் பண்ணவே இல்லை. காலையில் பூட்டோடு வந்த மீரா உசேனுக்கு அனீஸா சூடாகத் தம்ரூட் வைத்தாள். மனுஷன் ஒரு துண்டு விடாமல் தின்றுவிட்டுப் பூட்டோடு திரும்பிப் போனார். அவள் வியாபாரம் இன்றைக்கும் ஓகோவென்று நடக்கிறது.

சுடர்விழி திருவாரூரில் தனியாக இருக்கிறாள். அவள் வீட்டில் இருப்பது சாதாரண கேஸ் அடுப்பு. போர்டும் கிடையாது, ஒயரும் கிடையாது, கையால் திருகினால்தான் உண்டு. தை பிறந்த பிறகு ஒரு சாயங்காலம், குழம்பு பொங்கி வழியப் போகிற சமயம்... கிரிக்... குமிழ் தானாகத் திரும்பியது. தீ சிம்முக்கு இறங்கியது. ரம்பை இலை வாசனை...

அவள் ஓடவில்லை. குமிழைத் திருகித் தீயைத் தன் இஷ்டத்துக்குக் கூட்டினாள்.

"வந்துட்டீங்களா? வாங்க. ஆனா இது என் வீடு. இங்க உங்க அதிகாரமெல்லாம் செல்லாது. இருக்கிறதா இருந்தா சும்மா நிக்காதீங்க, அந்த வெங்காயத்தை அரிங்க."

சொல்லிவிட்டு அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். திரும்பவில்லை.

முதுகுக்குப் பின்னால், பலகையில் கத்தி தட்டுகிற சத்தம் ஆரம்பித்தது. டொக்... டொக்... டொக்...