அம்சா சொன்ன ஒரு சொல்

எங்கள் திருத்தணிப் பக்கத்தில் பாதிப் பேருக்குக் கனவு எந்த மொழியில் வருகிறது என்று அவர்களுக்கே தெரியாது. என் மனைவி அம்சா புத்தூர்க்காரி. என்னைத் திட்டுவது தமிழில், கொஞ்சுவது தெலுங்கில்.

யுத்தம் முடிந்த வருஷம் அவளுக்கு வயிற்றில் கட்டி வந்தது. எந்த வைத்தியத்துக்கும் அது கேட்கவில்லை. அவள் அலற ஆரம்பித்தால் மலையடிவாரத் தெருவே கதவைச் சாத்திக்கொள்ளும். நான் எங்கே போய்ச் சாத்திக்கொள்வது? அவளை விட்டால் எனக்கு யாரும் இல்லை, மாஜிஸ்திரேட் ஐயா. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

அன்று மத்தியானம் பாலைக் காய்ச்சி, அரளியைக் கலந்து எடுத்துப் போனேன். அவளிடம் ஒளிக்கவில்லை.

“எத்தினி நாளு இப்டி துடிச்சிகினு கெடப்பே? இத்தக் குடிச்சா வலி போயிடும், நீயும் போயிடுவே. குடுக்கட்டுமா?”

என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு சொல் சொன்னாள். பக்கத்து வீட்டு அன்னம்மாள் காதிலும் அது விழுந்திருக்கிறது. “ஆகு.”

வக்கீல் சடகோபன் ஜெயிலுக்கு வந்து நிதானமாக விளக்கினார். வயது வந்தவள் தானே சம்மதித்துச் செத்தால் சட்டம் அதைக் கொலை என்று சொல்லாதாம். தண்டனை உண்டு, தூக்கு கிடையாது.

“ஆகுன்னா தெலுங்குல நில்லு, பொறுன்னு அர்த்தம். நீ தமிழன், கஜபதி. உன் காதுல ஆங்னு விழுந்துச்சு. சரிங்கறாள்னு நெனச்சிட்டே. நல்லெண்ணத்துல நடந்த தப்பு. அப்படித்தானே?”

“ஆங்” என்றேன். கோர்ட்டிலும் இதே மாதிரி சொல்லச் சொன்னார்.

நல்ல வாதம்தான், நிற்கும். ஆனால் அவளோடு இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவன் அவள் பேச்சுப் புரியாதவன் என்று நாலு பேர் முன்னால் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவள் சொல் எல்லாமே எனக்குப் புரியும். மறுநாள் ரயிலில் அவளுடைய நைனா வருவதாக இருந்தார். அவர் முகத்தைப் பார்த்துவிட வேண்டும் என்றுதான் அப்படிச் சொன்னாள். அதுவும் எனக்குத் தெரியும். அவள் அலறலைக் கேட்க முடியாமல்தான் இதைச் செய்தேன். இப்போது அது கேட்காமல் தூக்கம் வருவதில்லை.

வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை, ஐயா. பொறு என்றுதான் சொன்னாள். அவள் பேச்சை நான் ஒருநாளும் தட்டியதில்லை. அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு, பால் ஆறும்வரை பொறுத்துத்தான் கொடுத்தேன்.